மலைநாட்டு மரக்கறியை நம்பிச் சாப்பிடலாமா?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் தாய் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். சுருக்கமாக அவர் கேட்டது இதுதான்: “எனக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். நுவரெலியா மரக்கறி முழுக்க மருந்து, சாப்பிட்டால் சிறுநீரக வருத்தம் வரும் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். டவுன் மார்க்கெட்டில் வாங்குவதை விட்டுவிட்டு, சுப்பர்மார்க்கெட்டில் ஓர்கானிக் என்று எழுதி விற்பதை வாங்குவதா? அது மூன்று மடங்கு விலை. நாம் சாப்பிடுவது எங்கேயிருந்து வருகிறது என்று நம்மைப் போன்றவர்கள் எப்படித்தான் தெரிந்துகொள்வது?”

பூச்சிமருந்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் இதன் உயிர் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஒரு பொருள் எங்கே விளைந்தது, எந்த மாதம் விளைந்தது, எப்படிப் பறிக்கப்படுகிறது என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தானாகவே தெளிந்துவிடும். நான் நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயிர், மண், பூச்சி, மருந்து பற்றி அனுபவத்தில் பேச முடியும். வைத்தியம் என் துறை இல்லை. நோய் பற்றிச் சொல்லும் இடங்களில் நிறுவப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மரக்கறி வாங்குவதைக் குறைக்காதீர்கள். மூன்று மடங்கு விலைப் பொதிக்கு மாறினால் நடப்பது என்ன? அதே காசுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வீட்டுக்கு வரும். பிள்ளையின் தட்டில் கரட் குறைந்து அந்த இடத்தில் ரொட்டி கூடும். 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம். நம்முடைய பிள்ளைகளுக்கு இன்றைக்கு இருக்கும் உறுதியான ஆபத்து அந்தக் குறைதான். ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் லயங்களில் அதில் பாதியைத் தொடும் வீடுகளே கொஞ்சம் என்பது நான் கண்ணால் பார்த்தது. எச்சமாக இருக்கும் மருந்துக்குப் பயந்து மரக்கறியையே குறைப்பது, சிறிய சந்தேகத்துக்காக நிச்சயமான நட்டத்தை வாங்குவது.

எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதை மரக்கறியோடு நிறுத்த வேண்டாம். காலை ரொட்டிக்கான கோதுமை இலங்கையில் விளைவதே இல்லை. கப்பலில் வந்து, கணிசமான பகுதி திருகோணமலை ஆலையில் மாவாகிறது. மைசூர்ப் பருப்பும் முழுக்க வெளிநாடுதான், பெரும்பாலும் கனடாவும் அவுஸ்திரேலியாவும். கடையில் சாக்கோடு வைத்து நிறுத்து விற்கிறார்கள் என்றால் சாக்கின் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நாட்டின் பெயர் அச்சடித்திருக்கும். பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்து. சீனியில் கொஞ்சம் பெல்வத்தை, செவனகல போன்ற உள்நாட்டு ஆலைகளில், பெரும்பகுதி இறக்குமதி. பெரிய வெங்காயம், காய்ந்த மிளகாய் பெரும்பாலும் இந்தியா. அரிசி பொலன்னறுவை, அனுராதபுரம், அம்பாறையிலிருந்தும், தேங்காய் குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கமிருந்தும் வருகின்றன. ஆக, மலையில் இருக்கும் நமக்கு உண்மையிலேயே பக்கத்தில் விளைவது மரக்கறியும் பாலும் தேயிலையும்தான். மிக அருகில் இருப்பதைப் பார்த்துத்தான் நாம் மிக அதிகமாகப் பயப்படுகிறோம்.

மரக்கறியிலும் எல்லாம் நம்முடையது இல்லை. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், நோக்கோல், உருளைக்கிழங்கு, போஞ்சி போன்றவை நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் விளைபவை. கத்தரி, வெண்டி, பூசணி, பயிற்றை, புடோல், பச்சை மிளகாய் எல்லாம் கீழே வெப்பமான இடத்துப் பயிர். அவை பெரும்பாலும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் வழியாக லொறியில் ஏறி வருகின்றன. அங்கே விலை நன்றாக இருந்தால் நுவரெலியா மரக்கறியும் தம்புள்ளைக்கு இறங்கி, அங்கே கைமாறி, திரும்ப மலைக்கே ஏறி வருவதுண்டு. அப்படி இரண்டு தடவை சாக்கில் அமுங்கி வந்த கோவாவை விட, கெப்பெட்டிபொலவிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ நேரே வந்தது புதிதாக இருக்கும், வீணாவதும் குறையும். பறித்த மரக்கறியில் 30 முதல் 40 சதவீதம் சாப்பாட்டுக்கு வருமுன்பே வீணாகிறது என்பது எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த நட்டத்தின் விலையும் நீங்கள் கொடுக்கும் காசில்தான் இருக்கிறது.

இனி மருந்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஊரில் சொல்லப்படும் பட்டியல்களுக்கும் தோட்டத்தில் நடப்பதற்கும் பொருத்தமில்லை. ஒவ்வொரு பீடைநாசினிப் போத்தலின் லேபிளிலும் கடைசியாக அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். சிலதுக்கு மூன்று நாள், சிலதுக்கு ஏழு, சிலதுக்கு இரண்டு வாரம். அந்த நாட்களுக்குள் வெயிலிலும் மழையிலும் செடிக்குள்ளும் மருந்து சிதைந்து, எஞ்சுவது பாதுகாப்பான அளவுக்குள் வந்துவிடும் என்பது கணக்கு. எனவே, எந்த மரக்கறியில் மருந்து மிஞ்ச வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், என் பதில் எதற்கு அதிகம் அடிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்காது. எந்தப் பயிரில் அந்தக் காத்திருப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்பதிலிருந்துதான் தொடங்கும்.

உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட் ஒரே தடவையில் தோண்டி எடுப்பவை. உருளைக்கிழங்குக்கு அழுகல் நோய்க்காகப் பங்கசுநாசினி நிறையவே அடிப்பார்கள், உண்மை. ஆனால் அது இலையில் விழுகிறது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, கொடி காய்ந்த பிறகுதான் தோண்டுகிறார்கள். அதனால் மருந்து அதிகம் குடிக்கும் இந்தப் பயிரே, சாப்பிடுகிறவருக்கு வரும்போது பயம் குறைந்ததாகிவிடுகிறது. போஞ்சியைப் பாருங்கள். காய்க்கத் தொடங்கிவிட்டால் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை பறிக்க வேண்டும், விட்டால் முற்றிவிடும். அதே நேரத்தில் காய் துளைக்கும் புழுவும் இருக்கும். இன்றைக்குப் பறித்துவிட்டு நாளைக்கு அடித்தால், அடுத்த பறிப்புக்கு நான்கு நாள்தான். லேபிளில் ஏழு என்று இருந்தால் விவசாயி என்ன செய்வார்? மூன்று நாள் கூடக் காத்திருந்தால் அந்தப் பறிப்பு முழுவதும் முற்றல். தக்காளி, கறிமிளகாய், கத்தரி, பயிற்றை, வெள்ளரி எல்லாவற்றிலும் இதே சிக்கல். அதனால்தான் நான் என் வீட்டில் அதிக கவனத்தோடு கழுவுவது தொடர்ந்து பறிக்கும் காய்களையும் இலை வகைகளையும். கோவா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வைரமுதுகுப் பூச்சிக்காக அடிக்கடி அடிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் வெளி இலைகளில்தான் படும். வெளியே இரண்டு மூன்று மடலை எடுத்து எறிந்துவிட்டுச் சமையுங்கள்.

விவசாயி ஏன் அந்தக் கடைசி வாரத்தில் அடிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கந்தப்பளைப் பக்கம் ஒரு போஞ்சித் தோட்டத்து வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். வியாபாரி வந்து சாக்கைத் தூக்கிக் கொட்டுவார். மேலே கிடக்கும் நல்ல காய்களைப் பார்க்கவே மாட்டார். கையை உள்ளே விட்டுக் கிளறி, துளை விழுந்த ஒரு காயைத் தேடி எடுத்து, விவசாயியின் முகத்துக்கு நேரே பிடித்து, “இதை யார் வாங்குவான்?” என்பார். அந்த ஒரு காய்க்காக முழுச் சாக்குக்கும் கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் இறங்கும். அவர் போன பிறகு அந்த விவசாயி என்னிடம் கேட்டார்: “சேர், லேபிளில் ஏழு நாள் என்று இருக்கிறது, சரி. இந்த முப்பது ரூபாயை யார் எனக்குத் தருவது?” அந்தக் கேள்விக்கு வியாபாரியும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஹட்டனிலும் கொழும்பிலும் துளை விழுந்த காயை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைப் பொறுக்கி எடுப்பது நாம்தான். மருந்து அடிக்கும் முடிவில் கொஞ்சம் நம்முடைய கையும் இருக்கிறது. கடையில் சற்றுக் கோணலான கரட்டையும் ஓரிரு கீறல் விழுந்த போஞ்சியையும் ஒதுக்காமல் எடுப்பது, என்னைப் பொறுத்தவரை, பொறுப்பாகச் சாப்பிடுவதன் முதல் படி. காசும் மிச்சமாகும்.

இதோடு சேர்த்து ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். பூச்சி தின்ற கீரை, துளை விழுந்த கோவா என்றால் மருந்து படாதது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. பூச்சி தின்ற அன்றைக்கு அங்கே மருந்து இல்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே அடித்திருக்கலாம். துளையை ஒதுக்காதீர்கள் என்று நான் சொல்வது விவசாயியை நெருக்காமல் இருப்பதற்காக. அதை ஒரு சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தட்டில் இருக்கும் எச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அடிக்கிற ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு நீண்ட காலமாக உள்ள மனவருத்தம். மருந்துக் கலன்களை முதுகில் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பகுதி நம் தோட்டத்து ஆட்கள். கொழுந்து வேலை இல்லாத நாளில் மரக்கறித் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகிறவர்கள். கையுறை இல்லை, வாயை மூட ஒரு துவாய், காலில் செருப்பு. கலன் ஒழுகி முதுகு நனைந்திருக்கும். மருந்தைக் கலக்கும்போது தோலில் படுவதும், அடிக்கும்போது மூச்சில் போவதும், நீங்கள் ஒரு வருடம் சாப்பிடும் போஞ்சியில் இருப்பதை விடப் பல மடங்கு. இதில் சந்தேகமில்லை. நல்ல செய்தியும் உண்டு. மிகக் கொடிய வகைகளான மொனோக்குரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இங்கே நிறுத்தப்பட்டன. பரகுவாட் 2008 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011இல் இல்லாமல் போனது. அதன் பின் நஞ்சு குடித்து இறப்பவர்கள் நாட்டில் பெருமளவு குறைந்தார்கள். சட்டம் போட்டு நடைமுறைப்படுத்தினால் பலன் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று அது. உங்கள் குடும்பத்தில் யாராவது மருந்து அடிக்கப் போகிறார்கள் என்றால், ஓர்கானிக் பொதிக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு சோடி இறப்பர் கையுறையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்து வந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலியான மருந்துப் போத்தலை, எத்தனை தடவை கழுவினாலும், வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

எப்போது விளைந்தது என்று கேட்கச் சொன்னேன். அதற்குக் காரணம் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஈரத்தில் பங்கசு நோய் பரவும், அடித்த மருந்தை மழை கழுவும், திரும்பவும் அடிப்பார்கள். அதே காலத்தில் மலையின் மறுபக்கம், வெலிமடை, பண்டாரவளை காய்ந்து கிடக்கும். அங்கே அந்தப் போகத்தில் நெல் வயலிலேயே உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுவார்கள். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் போஞ்சியும் தக்காளியும் வாங்கும்போது ஊவாப் பக்கத்தது கிடைத்தால் அதை எடுங்கள். டிசம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும்போது நிலைமை மாறும். இது உத்தரவாதம் இல்லை, வாய்ப்பைப் பார்த்துச் சொல்வது. வறண்ட காலத்தில் பங்கசுநாசினி குறையலாம், ஆனால் வெள்ளை ஈ போன்ற பூச்சி கூடும். இருந்தாலும் பொதுவாக எந்த மரக்கறி அந்த மாதத்தில் மலிவாக மலையாகக் குவிந்திருக்கிறதோ அது பருவத்துக்கு ஒத்து விளைந்தது. பருவம் தவறி விளைவிப்பதற்குத்தான் மருந்தும் கவனிப்பும் அதிகம் தேவைப்படும்.

கழுவுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மண், கிருமி, மருந்தில் ஒரு பகுதி போகும். தோல் சீவினால் இன்னும் போகும். செடிக்குள் ஊறும் வகை மருந்து எதில் கழுவினாலும் முழுதாகப் போகாது. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினாகிரி என்று சொல்கிறார்கள். கொஞ்சம் உதவலாம், வெறும் தண்ணீரை விடப் பெரிய வித்தியாசம் வரும் என்று நம்பிக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சவர்க்காரம் போடவே கூடாது. லீக்ஸை முழுதாகக் கழுவிப் பயனில்லை. தண்டு வெள்ளையாக வர மண்ணை அணைத்து வளர்ப்பதால் மடலுக்கு மடல் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து, மடலை விரித்துக் கழுவுங்கள். கரட் பளிச்சென்று கழுவி வருகிறதே என்று அப்படியே பிள்ளைக்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள். தோட்டத்திலிருந்து எடுத்த கரட்டை வழியில் ஓடைத் தண்ணீரிலோ தேங்கிய தண்ணீரிலோ இயந்திரத்தில் போட்டு உருட்டித்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறார்கள். அதில் தோலும் உரசி, சீக்கிரம் அழுகும். மண்ணோடு கரட் கிடைத்தால் அதுவே மேல், பல நாள் இருக்கும்.

சரி, ஓர்கானிக் பொதி. அதில் மோசடிதான் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு, விலை கூடுவது நியாயம். ஆனால் பொதியில் அந்தச் சொல் மட்டும் இருந்தால் அது ஒன்றையும் உறுதிப்படுத்தாது. சான்றளித்த நிறுவனத்தின் சின்னமும் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட எங்களைப் போன்றவர்களுக்கு எட்டக்கூடியது, விவசாயத் திணைக்களம் வழங்கும் ஜீஏபி சான்றிதழ் பெற்ற விவசாயியின் மரக்கறி. நல்ல விவசாயப் பழக்கம் என்பதற்கான சான்று அது. மருந்தே அடிக்கவில்லை என்று அது சொல்லாது. எதை, எப்போது அடித்தோம் என்று பதிவு வைத்தோம், காத்திருப்பு நாட்களை மதித்தோம், சுத்தமான தண்ணீர் பாவித்தோம் என்று சொல்லும். நம் குழப்பத்துக்கு அந்த உறுதிமொழிதான் நேரான மருந்து. இன்னொன்று: சேதனப் பசளையில், முக்கியமாகக் கோழி எருவில், விளைந்த எதையும் நன்றாகக் கழுவாமல் பச்சையாகத் தின்னக் கூடாது. மருந்தில்லை என்றால் கிருமி இல்லை என்று ஆகாது.

சேதன விவசாயம் என்றதும் 2021ஐ இழுத்து, “பார்த்தோமே” என்கிறார்கள். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்வதைத் திடீரென்று நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அதற்குள் நெல்லும் மரக்கறியும் விழுந்தன. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் கைக்காசு எப்படிக் குறையும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதிலிருந்து சேதன முறை பலிக்காது என்று முடிவு கட்டுவது சரியில்லை. பயிருக்கு வேண்டிய நைதரசனை வேறு வழியில் கொடுக்க ஏற்பாடு செய்யாமல் ஒரே நாளில் நிறுத்தினால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். மறுபக்கம், நுவரெலியா மரக்கறி மண்ணில் தேவைக்கு மிஞ்சிய பொஸ்பரசு சேர்ந்திருப்பதும், செங்குத்தான சரிவில் வருடம் முழுக்கக் கொத்துவதால் மண் கரைந்து பொல்கொல்லை, ரந்தெம்பை நீர்த்தேக்கங்களில் வண்டலாகப் படிவதும் உண்மை. குறைத்துப் போட இடம் நிறைய இருக்கிறது. படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை.

சிறுநீரக வருத்தத்துக்கு வருகிறேன். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது. மெதவச்சி, பதவியா, கிராந்துருகோட்டை போன்ற உலர்வலயப் பகுதிகளில் பரவலாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வறளுவது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். எந்த ஒன்றும் தனிக் காரணமாக நிறுவப்படவில்லை. நுவரெலியா மரக்கறி சாப்பிட்டதால் அந்த நோய் வந்தது என்று யாரும் காட்டவில்லை. ஹட்டன் பகுதியில் வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் முதலில் பரிசோதிக்கச் சொல்லி வைத்தியரிடம் போங்கள்.

நான் உண்மையாகவே பயப்படும் இரண்டு விஷயங்களை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஒன்று, பூஞ்சணம் பிடித்த காய்ந்த மிளகாய், நிலக்கடலை, கொப்பரை. அதில் உண்டாகும் அப்ளடொக்சின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டது. கழுவினாலும் சமைத்தாலும் முழுதாகப் போகாது. 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெய்க் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பினார்களே, அதுவும் இதனால்தான். தூள் வாங்காமல் முழு மிளகாய் வாங்கி, கறுத்ததையும் பூத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டு, வெயிலில் காயவைத்து மில்லில் அரையுங்கள். நம் மலையின் ஈரத்தில் மிளகாயும் கடலையும் சாக்கில் கிடந்தால் சீக்கிரம் பூத்துவிடும், மாதக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். கசக்கும் கடலையைப் பிள்ளை துப்பினால் திட்ட வேண்டாம்.

மற்றது கீரை. வல்லாரையும் பொன்னாங்காணியும் தேயிலை மலையின் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) ஓரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும். காசில்லாத சத்து என்று வேலை முடிந்து வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கீரை அருமையானதுதான். ஆனால் தேயிலைக்கு இடையில் களைநாசினி அடிக்கும்போது அந்தக் கான்களிலும் படும், மேலே அடித்தது மழையில் வடிந்து வருவதும் அந்தக் கான் வழியாகத்தான். இலை வாடாமல் பச்சையாக இருப்பதால் மட்டும் நம்ப முடியாது. அடித்த மருந்தில் இலை கருகிச் சாவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபம், அடித்தவர் இரண்டு காம்பரா தள்ளி உங்கள் லயத்தில்தான் இருப்பார். கேட்டுவிட்டுப் பறியுங்கள். அதை விட நல்லது, இரண்டு பிடி வேரோடு கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் வடியும் இடத்தில் ஊன்றிவிடுவது. வல்லாரைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்தத் தண்ணீர் கழிவறைப் பக்கத்திலிருந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமென்றால் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கி நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். யாருடைய மாடு, என்ன தின்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற ஒரே சாப்பாடு அது. கீரையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணீர் (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மீனுக்கு, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் ஜப்பான் மீன் (திலாப்பியா) கிடைத்தால் டின் மீனை விட அதை எடுங்கள்.

எங்கே கேட்பது என்று யோசித்தால்: அழுகியது, கலப்படம், காலாவதி போன்றவற்றுக்கு உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. விலை, லேபிள் தொடர்பான முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977. பயிர், மருந்து பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920, தமிழிலும் கேட்கலாம். மார்க்கெட்டில் ஒரே வியாபாரியிடம் தொடர்ந்து வாங்குங்கள். முதல் நாள் “எங்கேயிருந்து வந்தது?” என்றால் “நுவரெலியா” என்று பொதுவாகச் சொல்வார். நாலாவது வாரமும் அதே ஆளிடம் போய், நுவரெலியாவில் எந்தப் பக்கம், நேரே வந்ததா தம்புள்ளை போய் வந்ததா, எப்போது பறித்தது என்று கேட்டால், லொறிக்காரரிடம் கேட்டு வைத்திருப்பார். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் வியாபாரி கேட்டு வைப்பார். அவர் கேட்டால் விவசாயிக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். வரும் வாரம் போஞ்சி வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். என்ன ஊர், எந்த நாள் பறித்தது என்று சொன்னார் என்பதை இங்கே எழுதினால், அந்த ஊரில் இந்த மாதத்தில் என்ன பூச்சி இருக்கும், எதை எப்படிக் கழுவலாம் என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.